கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும்

போன மாதம் என் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறேன், அவன் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு போனைப் பார்த்தபடி கிடக்கிறான். "எழுந்திருடா, நேரமாச்சு" என்றேன். "ஆராதனையிலதாம்மா இருக்கேன். லைவ் போய்க்கினு இருக்கு" என்கிறான். பல் துலக்கவில்லை, தலை சீவவில்லை, ஆராதனையாம். எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு பாஸ்டர் கண்ணை மூடிப் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றாட அப்பத்துக்கு வேண்டுகிற வரியில் சட்டென்று அறுத்துவிட்டு சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. அவன் அசையவே இல்லை. "அஞ்சு செகண்டும்மா, தள்ளி விட்டுடலாம்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டேன். புடவையிலிருந்து பாச்சா உருண்டை வாசனை அடித்தது. அந்த வாசனைதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு காலத்தில் எங்கள் கோயிலில் பெண்கள் பக்கம் முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். ஆளுக்கு ஒரு நல்ல புடவை; ஆறு நாள் பெட்டியில், ஒரு நாள் உடம்பில்.

எங்கள் சபையில் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில் என்போம். திருவண்ணாமலையில் அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரன் நேரே ராஜகோபுரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவான் என்பதால் வெளியாளிடம் மட்டும் 'மிஷன் கோயில்' என்போம்.

நான் மிஷன் போர்டிங்கில் பெண்பிள்ளைகளுக்குச் சமைத்தவள். படிப்பு நாலாவதோடு நின்றது. ஆனால் பாமாலையும் கீர்த்தனையும் புத்தகம் திறக்காமல் பாடுவேன். குரல் கொஞ்சம் முன்னால் ஓடும், அது உண்மைதான். 'ஆர்மோனியக்காரர் பின்னாடி துரத்திக்கினு வர்றாரு, கொஞ்சம் நில்லேன்' என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஓட முடிந்தவள் ஓடுகிறேன், அவருக்கென்ன?

ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு உப்புமா கிளறி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடி வருவேன். எண்ணெய் வழிய இரட்டைச் சடை பின்னிய பிள்ளைகள் முன்னால் பாயில் நிறைந்திருப்பார்கள். பெண்கள் பக்கம் ஒரே ஒரு ஃபேன். ஆண்கள் பக்கம் இரண்டு. ஏன் என்று கேட்டால் பிரசங்க பீடம் அந்தப் பக்கம் இருக்கிறதாம். எங்கள் ஒற்றை ஃபேனுக்கு நேர் கீழே இருந்த பெஞ்சு ஓரத்துக்குத்தான் எனக்கும் எஸ்தர் அக்காவுக்கும் சண்டை.

எஸ்தர் அக்கா டீச்சர். வீட்டில் ஆள் வைத்து வேலை. அடுப்பில் வேகாமல் வருகிறவள் ஃபேன் காற்றும் வாங்குவாள்; அடுப்பிலிருந்து வருகிற நான் சுவரோரம் புழுங்குவேன். இது எந்த ஊர் நியாயம்? ஒரு சனிக்கிழமை சாயங்காலமே போய் என் பாட்டுப் புத்தகத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் புத்தகத்தைக் காணோம். அக்கா காற்று வாங்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆராதனை முடிகிற நேரத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து, கோயிலைக் கூட்டி மணி அடிக்கிற கோயில்பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இது எந்த அம்மாவுது? எங்க பக்கம் வந்து ஒக்காந்துக்கினு இருக்குது" என்றார். சபையே சிரித்தது. ஆயர் ஆசீர்வாதம் சொல்லும்போதுகூட அவர் உதடு துடித்தது. அன்றிலிருந்து நானும் அக்காவும் பேசுவது கம்மி. பெருவிருந்து, பண்டிகை என்றால் 'தோத்திரம்' என்று ஒரு வணக்கம் மட்டும்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் எரிச்சல். இடி விழுந்ததா, சண்டை போட்டுப் பிரிந்தோமா? போர்டிங்கை மூடினார்கள். ஓசூர், பெங்களூர் என்று பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். சிலர் வேங்கிக்கால் பக்கம் புதிதாக வந்த ஏசி ஜெப ஹாலுக்கு மாறினார்கள். எஸ்தர் அக்கா குடும்பம் மொத்தமும் அங்கேதான். பாதிப் பேர் எங்கேயும் போவதில்லை, வீட்டில் தூங்குகிறார்கள். பௌர்ணமியும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் ஊரில் கால் வைக்க இடமில்லாமல் மலை சுற்றுகிறார்கள்; எங்கள் பெஞ்சில் எறும்பு ஊர்கிறது.

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு ஞாயிறு உள்ளே வந்தாள், கழுத்தில் ருத்திராட்சம். இவள் ஊர்க்காரர்கள்தானே கப்பலேறி வந்து எங்கள் கோயிலைக் கட்டினார்கள், இவள் இங்கே வந்து மலை சுற்றுகிறாளே என்று எனக்கு ஆற்றாமை. "உங்க ஊர்ல கோயிலெல்லாம் எப்படி?" என்று ஆயரைக் கேட்கச் சொன்னேன். அவள் சொன்னதை ஆயர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "அங்கயும் வயசானவங்க மட்டுந்தான் வர்றாங்களாம்மா. இவங்க தெருக் கோயில்ல இப்ப காபிக் கடை நடக்குதாம்." சிரித்துக்கொண்டே சொன்னாள் அந்தப் பெண்!

அதற்கப்புறம்தான் ஆயர் அந்த அறிவிப்பைச் சொன்னார். அவருக்கு இன்னும் பல ஊர்ச் சபைகள் உண்டு. இப்படியே ஆள் குறைந்தால் எங்களுக்கு மாதத்தில் கடைசி ஞாயிறு மட்டும்தான் ஆராதனை. நான் எழுந்து நின்றே கேட்டேன்: "வாராவாரம் வேணும்னா இன்னா பண்ணணும் ஐயா?" "ஒரு பெரிய குடும்பமாவது திரும்பி வந்தா மேலிடத்துல நான் பேசிப் பாக்கலாம்மா" என்றார்.

பெரிய குடும்பம் என்றால் எஸ்தர் அக்கா குடும்பம். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் உட்கார்ந்தால் இரண்டு பெஞ்சு நிறையும். யாரிடமும் எதற்கும் போய் நிற்காதவள் நான். ஆனாலும் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புது வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரு, போர்டிங்காரியா? ஃபேன் கெடைச்சிடுச்சா?"

"பெஞ்சு, ஃபேன் எல்லாம் உங்களுதே. திரும்பி வாங்கக்கா. புள்ளைங்களையும் கூட்டினு வாங்க. இல்லன்னா வாராவார ஆராதனைய நிறுத்திடுவாங்க."

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "மருமவ கார் ஓட்டறா. அவ எங்க நிறுத்தறாளோ அங்க நான் எறங்கறேன்" என்றாள்.

"அங்க நல்லா இருக்கா?"

"ஏசி ஜாஸ்தி. பாட்டு ஒண்ணும் புரியல. கை தட்டுன்றாங்க, தட்டறேன்." குரலைத் தாழ்த்தினாள். "யார் பக்கத்துல ஒக்காந்திருக்கன்னே தெரியலடி. சண்டை போடக்கூட மூஞ்சி தெரியணும் இல்ல?"

அதற்குள் மருமகள் காபியோடு வந்தாள். நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவள். "ஆண்டவர் எல்லா இடத்துலயும் இருக்காரு ஆண்ட்டி. பசங்களுக்கு மிஷன் கோயில் போர் அடிக்குது. ஆனா நாங்க மெம்பர்ஷிப்ப விடல. கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் அங்கதான் வருவோம்" என்றாள்.

"வருவீங்க. அதுவரைக்கும் அங்க யாரும்மா தொறந்து வெச்சிக்கினு ஒக்காந்திருப்பாங்க?" என்றேன்.

அவள் காபியை ஆற்றினாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தாள். கிளம்பும்போது மட்டும் என் கையைப் பிடித்தாள். அவள் என் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை. பிடித்து என்ன பயன்? அடுத்த ஞாயிறும் நான் வாசலைப் பார்த்துப் பார்த்துப் பாட்டைத் தவறவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் கார் எதுவும் வந்து நிற்கவில்லை. ஆயர் சொன்னபடியே ஆகிவிட்டது.

ஆராதனை இல்லாத முதல் ஞாயிறு, என்ன செய்வதென்று தெரியாமல் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பச்சையம்மா நின்று பார்த்தாள். அவள் மலை சுற்றுகிறவள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்.

"இன்னாக்கா, கோயிலுக்குப் போகாம துணி தொவைக்கறீங்க? ஒடம்பு சரியில்லையா?"

"எங்க ஆண்டவருக்கு லீவு. இனிமே கடைசி ஞாயிறு மட்டுந்தான் வருவாராம்" என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அப்ப மணி?"

"அடிக்க மாட்டாங்க."

"அய்யோ, அந்த மணி கேட்டுத்தானக்கா நான் கறிக்கடைக்குக் கெளம்புவேன்" என்றாள். "நம்ம மணி இன்னும் அடிக்கலியேன்னு நானும் அப்பலருந்து பையப் புடிச்சிக்கினு நிக்கறேன்."

நம்ம மணி என்றாள். எங்கள் சபையில் ஞானஸ்நானம் வாங்கிய ஒருவர்கூட வந்து மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்கவில்லை.