செஞ்சிக்கு வைக்காத பொட்டு

என் அலமாரியில் ஒரு மரக் குங்குமச் சிமிழ் இருக்கிறது. மூடியின் சாயம் போய்விட்டது. திருகினால் கிறீச்சென்று கத்தும். உள்ளே இருக்கும் குங்குமம் கட்டி தட்டிக் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வருகிற பெண்கள் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் ஆயா, இத்த கொட்டிட்டு வேற போடக் கூடாதா?" என்பார்கள். நான் முறைக்கிற முறைப்பில் மூடி வைத்துவிடுவார்கள். இந்தச் சிமிழிலிருந்து நெற்றிக்குப் போனதைவிடச் சுரத்துக்குப் போன குங்குமம்தான் அதிகம். இதற்குச் சொந்தக்காரியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சுரத்திலேயே அவள் செத்துப்போனாள். அவள் வீட்டுக்காரர்தான் அப்போது எங்கள் ஊர்ச் சுகாதார இன்ஸ்பெக்டர்.

அறுபதுகளில் நான் செஞ்சியில் பிரசவம் பார்க்கிற நர்சாக இருந்தேன். ஒரே வீட்டில் முன்கட்டு அவர்களுக்கு, பின்கட்டு எனக்கு. இன்ஸ்பெக்டர் நெட்டை ஆள். சைக்கிள் மிதித்தால் முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். அந்த வருஷம் மார்கழிப் பனியோடு சளிச்சுரம் வந்தது. எந்த வருஷமும் வருவதுதான், ஆனால் அந்தத் தடவை வீட்டுக்கு வீடு ஆளைச் சாய்த்தது. ஒவ்வொரு தாலுகாவிலும் இவரைப் போல ஒருவர் ஊர் ஊராக எண்ணிச் சனிக்கிழமை கடலூர் ஜில்லா ஆபீசுக்கு எழுத வேண்டும். அங்கிருந்து அது மெட்ராசுக்குப் போகும். மாகாணம் முழுக்கச் சுரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள். கணக்கு ஏறின பக்கத்துக்கு மாத்திரை வரும், டாக்டர் வருவார். ஏறாத பக்கத்தை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

இன்ஸ்பெக்டர் தாலுகா படத்தைத் தன் கையாலேயே பெரிதாக வரைந்து முன்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். சுரம் கண்ட ஊருக்கு ஒரு சிவப்புப் பொட்டு. சிவப்பு மை தீர்ந்துபோனதும் அக்காவின் சிமிழை எடுத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, மோதிர விரலால் வைத்தார். பார்த்துக்கொண்டே வந்தாள் அக்கா. "இன்னாங்க இது! சாமிக்கு வெக்கிற குங்குமத்த சுரத்துக்கு வெக்கிறீங்க?" என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். அப்புறம் அவளேதான், சுரம் அடங்கின ஊருக்குப் பொட்டின் மேலேயே மஞ்சள் வைக்கலாம் என்று யோசனை சொன்னாள். அதிலிருந்து சாயங்காலமானால் அவள் சிமிழை ஏந்திக்கொண்டு நிற்பாள், இவர் ஊர் பேரைச் சொல்லிச் சொல்லிப் பொட்டு வைப்பார். எண்ணெய் ஊறி ஒவ்வொரு பொட்டையும் சுற்றி ஒரு வளையம் விழுந்திருக்கும். "ஊருக்கெல்லாம் வளைகாப்பா?" என்று நான் கேலி செய்வேன். அக்காவுக்கு வளைகாப்பு வரப்போகிற காலம் அது. கல்யாணமாகி வெகு காலம் கழித்து உண்டாகியிருந்தாள்.

அத்தனை ஊருக்கும் வாராவாரம் சைக்கிளில் போய் வர முடியாது. வெள்ளிக்கிழமை செஞ்சியில் சந்தை. சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் அங்கேதான். ஆகவே இன்ஸ்பெக்டர் சந்தை வாசலில் நின்று ஒவ்வொரு ஊர் ஆளாக நிறுத்திக் கேட்பார். எல்லாரும் நல்லா இருக்கோம் சார், நல்லா இருக்கோம் சார் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். கணக்கு வாரத்துக்கு வாரம் இறங்கியது. கடலூரிலிருந்து மாத்திரையும் வரவில்லை. நானோ தொண்டூரில் பிரசவத்துக்குப் போன வீட்டில் ஐந்து பேர் பாயில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து கத்தினேன். "இன்னா சார் கணக்கு எழுதறீங்க? வாசல்ல கோலம் போடக்கூட அங்க ஆள் இல்ல!" மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது. அக்காதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா எவ சொல்லுவா, எங்கூட்ல சுரம்னு? நானே சொல்ல மாட்டேன்!"

எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். வெள்ளிக்கிழமை வீட்டில் நோய் என்று வாயால் சொன்னால் அது தங்கிவிடும் என்று பயம். எனக்கும் தெரிந்ததுதான், அவருக்கும் தெரிந்ததுதான். தெரிந்து என்ன, சந்தையில் நின்று கேட்கிறபோது அது யாருக்கும் நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஜனங்களைக் கேட்பதையே விட்டுவிட்டார். கடைத்தெருவில் மளிகைக்கடைச் செட்டியாரிடம் போய் நின்றார். சுரம் என்று சொல்லாதவர்களும் சுக்கும் மிளகும் வாங்காமல் போக மாட்டார்கள் அல்லவா? எந்த ஊர்க்காரர் எவ்வளவு சுக்கு வாங்கினார் என்று செட்டியார் மனசிலேயே வைத்திருந்து சொல்வார். சுக்கு அதிகமாகப் போன ஊருக்கு மறுநாளே சைக்கிள் போகும். பொய் இல்லை, அந்த வாரமே படம் சிவந்துவிட்டது. தொண்டூர், சீயமங்கலம், அமாவாசைக் கூட்டம் கலைந்த மேல்மலையனூர் எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. கடலூரிலிருந்து வேனில் மாத்திரை வந்தது. மூச்சு இரைத்துக் கிடந்த சீயமங்கலத்துக் கிழவர் ஒருவர் எழுந்து நடந்தே வந்து இவருக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்துவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் அதை இறக்கி வைக்க மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. தொண்டூரில் தலைச்சன் பிரசவம். நான் வியாழனே போய்விட்டேன். அன்றைக்கு வீட்டில் நடந்ததை அவர் வாயாலேயே பிற்பாடு கேட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. அக்கா தலை முழுகியிருந்தாள். ஈரம் காயாத முடியில் பூ வைத்திருந்தாள். விளக்கேற்றிவிட்டு வழக்கம்போல் சிமிழை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். அன்று சிவப்பை விட மஞ்சள் அதிகம், அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, அடங்குது பாத்தியா" என்று சொல்லிச் சொல்லி வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டவளைப் பார்த்து, "ஏன் ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்கவும் கேட்டார்.

"ஒன்னும் இல்லீங்க. புள்ள பாரம். நல்லாத்தான் இருக்கறேன்."

சிமிழை வாங்கும்போது விரல் பட்டதே, சுட்டதா, சுடவில்லையா என்று அந்த மனுஷர் ஊரை விட்டுப் போகிறவரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எங்கே கண்டேன்?

சனிக்கிழமை பொழுது ஏறி நான் வந்தபோது அவள் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தொட்ட கையை எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு. "ஏங்க்கா சொல்லல?" என்று அலறினேன். "இன்னிக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றாள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று. எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன். அக்கா பிள்ளையை ஏந்தக் கொடுத்து வைக்கவில்லை.

எடுத்துப் போட்டுவிட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மளிகைக்கடைச் செட்டியார் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். "மூணு நாளா உங்க வூட்டுக்கும்தான் சுக்கு போச்சு சார். அம்மாவே வந்து வாங்கினாங்க. நீங்க கிராமத்த மட்டும்தான் கேட்டீங்க. வீட்டு சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சிட்டேன்." இன்ஸ்பெக்டர் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். அப்போதுதான் நானும் படத்தைச் சரியாகப் பார்த்தேன். சுற்றிலும் அத்தனை ஊருக்கும் பொட்டு இருந்தது. நடுவில் செஞ்சி மட்டும் வெறும் தாளாக இருந்தது. சொந்த ஊரை எப்போது வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். சிமிழைத் திறந்து, எண்ணெய்கூடத் தொடாமல், செஞ்சியின் மேல் விரலை அழுத்தினார். எண்ணெய் இல்லாத குங்குமம் நிற்குமா? பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. மறுபடி மறுபடி வைத்தார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வெயில் காலம் வருவதற்குள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். சிமிழை என்னிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்கோம்மா, எனக்கு எதுக்கு" என்றார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், கையில் போனோடு ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். வீடு வீடாகச் சுரக் கணக்கு எடுக்கிறார்களாம். "வீட்ல யாருக்காச்சும் சுரம், இருமல் இருக்குதாக்கா?" என்று என் மருமகளைக் கேட்டாள். மருமகள் அப்போதுதான் தலைக்குக் குளித்து விளக்கேற்றியிருந்தாள். முதல் நாளிலிருந்து அவள் உள்ளே இருமுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"இல்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, கட்டிலை விட்டு எழுந்து வாசலுக்கே போய்விட்டேன். "இருக்குது! இவளுக்குத்தான் நேத்துலருந்து சுரம். எழுதிக்கோ. செஞ்சின்னு போட்டு எழுதிக்கோ!" அந்தப் பெண் பயந்துபோய்ப் போனில் என்னவோ தட்டினாள். மருமகளுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னா அத்தை, வெள்ளிக்கெழமையும் அதுவுமா…" என்று இழுத்தாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமாத்தாண்டி சொல்லணும்" என்றேன். அலமாரியில் இருக்கும் சிமிழுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.