வராத அம்மனுக்குக் கட்டிய வேப்பிலை

மலாக்கா பக்கம் பத்து பெரண்டாம் என்ற ஊரில் மகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் கைப்பேசியைத் திறந்தாள். அதில் ஒரு பெண் பேசினாள். பேச்சென்றால் பேச்சு, தேன் போல. குழந்தைக்குத் தடுப்பூசி போடாதீர்கள், அதில் என்னென்னவோ கலக்கிறார்கள், பெரிய ஆட்கள் மறைக்கிறார்கள், நாங்கள் தாய்மார்கள் ஒன்று சேர்ந்திருக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்றாள். மருமகளின் மடியில் என் பேரன் தூங்கினான். மறுநாள் அவனுக்குக் கிளினிக்கில் ஊசி.

"எல்லாம் பொய்மா. இப்படிப் பரப்புனா பிடிச்சு உள்ள போட சட்டம் இருக்கு லா," என்றான் மகன்.

"யாரப் பிடிப்பாங்க? இந்தக் குரூப்புல உங்க சித்தி மகளும்தான் இருக்கா," என்றாள் மருமகள். "அவளையும் பிடிக்கச் சொல்லுங்க."

நான் கீரையை ஒதுக்கி வைத்தேன். எனக்குப் படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி, இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கண்ணால் கண்டதை மறக்கிறவள் இல்லை. மருமகளிடம் அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். என் மாமாவின் குரல் அப்படித்தான் இருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டிலேயே அடுத்த கதவு. கல்யாணம் கட்டவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பால் வெட்டி முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். காப்பிக் கடையில் காதில் விழுந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவார். எங்கள் லயத்துக்கு அவர்தான் பேப்பர், அவர்தான் ரேடியோ. அவர் சொன்னால் பேய்க்கும் கைகால் முளைக்கும். என் தம்பிக்கு அப்போது நடை வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. வந்த ஒரே சொல் 'மம்மு'. அது மாமாவைக் கூப்பிடுவது. அவர் தோளில்தான் கிடப்பான்.

ஒருநாள் டிரெசர் வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை அப்படித்தான் சொல்வோம். மலையாளத்துக்காரர், சாமி பக்தி உள்ளவர். பக்கத்துத் தோட்டங்களில் தொண்டை அடைப்பான் பரவுகிறது, பிள்ளைகளின் மூச்சை அடைத்துவிடும், ஊசி வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வீடு வீடாக வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் மாமா பேசினார். "ஊசி போட்டா பொம்பளப் புள்ளைக்குக் கரு தங்காது. ஆம்பளப் புள்ளைக்குப் புத்தி மந்தம். டவுனெல்லாம் இதே பேச்சுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஜப்பான்காரனும் இப்பிடித்தான வரிசையா நிக்க வச்சான்? ஊசியக் குத்தித்தான லாரியில ஏத்துனான்? எங்கப்பன் திரும்பி வந்தானா?"

சயாமுக்கு ரயில் பாதை போட ஆளை இழுத்துக்கொண்டு போன கதை எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் உண்டு. அம்மா தம்பியை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"ஒளிச்சு வச்சா தேடுவாங்களே அண்ணே," என்றாள்.

"ஒளிக்க வேணாம். டிரெசர் உள்ளயே வர மாட்டாரு, பாரு."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது, கோயில் வேப்பமரம் பாதி மொட்டையாக நின்றது. லயத்தில் ஒரு கதவு விடாமல் வேப்பிலை தொங்கியது. வேப்பிலை கட்டினால் அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். அயலார் நுழையக் கூடாது. மருந்து கூடாது. எங்கள் முகத்தில் மஞ்சளைப் பூசிப் பாயில் படுக்க வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தம்பி மஞ்சளை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான்.

டிரெசர் பெட்டியோடு வந்தார். முதல் கதவைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். லயத்தின் கடைசிவரை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கும்பிட்டுத் திரும்பிப் போனார். ஒரே லயத்தில் எல்லார் வீட்டிலும் ஆத்தா இறங்குவாளா என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கும். வேப்பிலையைத் தாண்டிவர மனசு வரவில்லை.

அவர் தலை மறைந்ததும் சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. "அந்த ஊசிய அவரு சைக்கிளுக்குக் குத்தட்டும்!" என்று எதிர்வீட்டு அக்கா கத்தினாள். மாமாவைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான்.

சிரித்து முடித்தபிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கட்டிய வேப்பிலையை நினைத்தபடி அவிழ்க்க முடியாது. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் படைத்து, ஆத்தாவைக் குளிர வைத்து அனுப்பிவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். வராத ஆத்தாவை எப்படி அனுப்புவது? பூசாரியிடம் கேட்க வெட்கம். நீ முதலில் அவிழ், நான் பிறகு அவிழ்க்கிறேன் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். வேப்பிலை கதவுகளிலேயே காய்ந்தது.

அது காய்ந்து தொங்கும்போதே தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சி இறங்கவில்லை. கழுத்து வீங்கியது. அம்மா கதவு நிலையை நிமிர்ந்து பார்த்தாள், அந்தச் சருகைப் பார்த்தாள், அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"ஒம்பேர்ல வெளையாடிட்டோம் தாயீ. நெசமாவே வந்துட்டியா?"

காய்ந்ததை எடுத்துவிட்டுப் பச்சை வேப்பிலை கட்டினாள். தம்பியை வேப்பிலைமேல் கிடத்தினாள். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவோமா என்று அப்பா ஒருதரம் கேட்டார். ஆத்தா இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு கூடாது என்று அம்மா கையமர்த்தினாள். மாமா வாசலிலேயே குந்தியிருந்தார். உள்ளே தம்பி 'மம்மு' என்றான். இரண்டாம் நாள் அந்தச் சொல்லும் வரவில்லை, காற்றுதான் வந்தது. டிரெசரின் சைக்கிள் காலையும் மாலையும் எங்கள் வாசலைத் தாண்டியது. வேப்பிலைக்குத் தலையைக் குனிந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தாண்டிப் போன சைக்கிள் நின்றது. தம்பி மூச்சு இழுக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது, சேவல் விக்குவதுபோல. டிரெசர் சைக்கிளைக் கீழே போட்டார். அன்று செருப்பைக் கழற்றவில்லை. வேப்பிலையைத் தலையால் முட்டிக்கொண்டு செருப்புக் காலோடு உள்ளே வந்தார். அம்மா அலறினாள். அவர் தம்பியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது அம்மையில்லம்மா," என்றார்.

தோட்டத்து மேனேஜர் துரையின் காரில் தம்பியை மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அம்மாவின் மடியில் துணி மட்டும் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் துரை எங்கள் லயத்துக்கே வந்தார். வெள்ளைக்காரர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். எல்லாரையும் கூட்டி நிற்க வைத்தார்.

"ஊசி வேணாம் யார் சொன்னான்? பேர் சொல்லு. அவன் இன்னிக்கே தோட்டம் விட்டுப் போறான்."

எதிர்வீட்டு அக்கா தரையைப் பார்த்தாள். துரை அம்மாவிடம் வந்தார். "நீ சொல்லு. உன் பிள்ளைதானே?"

மாமா எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார். அதற்குள் அம்மா சொன்னாள்: "யாரும் சொல்லல தொரை. நாங்களாத்தான் பயந்தோம்."

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்தச் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா குனிந்து பார்க்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்கும்போல இருந்தது.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. வேப்பிலை ஒரு கதவிலும் இல்லை. என்னை மாமாதான் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். தம்பி உட்காரும் தோளில் அன்று நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரே பெருமை. டிரெசர் கையில் குத்தினார். எறும்பு கடித்ததுபோல இருந்தது, நான் அழவே இல்லை. ஆனால் என்னைப் பிடித்திருந்த மாமாவின் முகம் நனைந்திருந்தது.

"மாமா, ஊசி எனக்குத்தானே? நீங்க ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தேன். பின்னால் நின்ற அம்மாவும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன்.