அரிசி டிரம்மில் பழுக்காத தக்காளி

சனிக்கிழமை காலை பெங்களூரில் மாரிக்குப்பம் ரயில் ஏறினேன். கோலார் தங்கவயல்காரர்கள் வேலைக்காகப் பெங்களூருக்கு நெருக்கியடித்து வரும் நேரம். நான் எதிர்த்திசையில் போனதால் ஜன்னலோரமும் கால் நீட்ட இடமும் கிடைத்தன. நூறு கிலோமீட்டர் ராஜபயணம், எல்லாம் ஒரு தக்காளிச் செடிக்காக!

தக்காளி சிவக்க எத்திலீன் என்ற வாயு வேண்டும். அது செடிகளின் ஹார்மோன். காயே அதை விடும், காயே அதை உணர்ந்து பழுக்கும். மருந்தில் நனைத்து மரபணுவைக் கலைத்த விதைகளை என் ஆய்வகத் தோழி கவிதா, தங்கவயலின் பாலகாட் பகுதியில் தன் அம்மா வீட்டுக் கொல்லையில் நட்டிருந்தாள். ஒரு செடியில் மட்டும் காய் சிவக்கவேயில்லை. வாயுவை விடாத காயா, வந்த வாயுவை உணராத காயா? உணராததைத்தான் நான் தேடுகிறேன். மற்றதென்றால் இரண்டு வருட உழைப்பு அம்போ. காய்களைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் எத்திலீன் செலுத்திப் பார்ப்பதாகத் திட்டம்.

ஊரிகம் ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது ரூபாய்.

"கெட்டியா புடிச்சிக்கோங்க சார். ரோடு, சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கற மாதிரி ஆட்டும்" என்றார் டிரைவர். ஆட்டியது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமண், சாம்பல் நிறச் சயனைடு மேடுகளும் சேர்ந்து ஆடின.

பதினொரு மணிக்குக் கவிதாவின் அம்மா சரோஜாம்மா வாசலில் நின்றார். "வாங்க சார், டிபன் சாப்ட்டீங்களா?"

நான் நேரே கொல்லைக்கு ஓடினேன். சிவப்பு நூல் கட்டிய செடியில் இலைதான் இருந்தது.

"ஐயோ, காய் எங்கேம்மா? இந்தச் செடியைத் தொடாதீங்கன்னு கவிதா சொல்லலியா?"

"செடிய எங்க தொட்டேன்? காயத்தான் பறிச்சேன். ஒரு வாரமாச்சு. வீட்டுக்கு வர்றவருக்குப் பச்சக்காயா குடுத்தனுப்புவாங்க? அரிசி டிரம்ல வாழப்பழத்தோட போட்டு மூடி வெச்சிக்கிறேன்."

பழுத்த வாழைப்பழம் விடுவதும் அதே எத்திலீன்தான். கண்ணாடிப் பெட்டியில் நடக்கவேண்டிய பரீட்சை டிரம்மில் நடந்து முடிந்திருந்தது. உள்ளே காய் சிவந்திருந்தால் அது வாயுவை உணர்கிறது என்று அர்த்தம், என் கதை முடிந்தது.

இயந்திரத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற அவர் கணவர் மூடியைத் திறந்தார். வாழைப்பழம் கறுத்துக் குழைந்திருந்தது. பக்கத்துச் செடியில் பறித்துப் போட்ட பச்சைக்காய்கள் எல்லாம் செக்கச்செவேல். என்னுடையதைச் சரோஜாம்மா தனியாகத் துணியில் முடிந்து வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்தேன்.

பச்சை! அன்று காலை பறித்தது போலப் பச்சை!

"ஜெயிச்சிட்டோம்மா!" என்று குதித்தேன்.

சரோஜாம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னா சார் இது, மானத்த வாங்குது! வாழப்பழமே அழுகிப்போச்சு, இது அசையல."

"பழுக்கச் சொல்லி வாயு கூப்பிடுதும்மா. இந்தக் காய்க்குக் காது இல்ல."

கணவர் சிரித்தார். "ஷிஃப்ட் சங்கு ஊதினாலும் எழுந்திரிக்காத ஆளுன்னு சொல்லுங்க."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க" என்றார் சரோஜாம்மா.

சிவந்த தக்காளியில் சட்னி அரைத்து, இட்லியோடு வயிறு முட்டச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார். பச்சைக்காய்களோடு சிவந்ததும் ஒரு பை நிறையக் கொடுத்தார். எண்ணெயில் பொரித்த பூரியே உப்பாத ஹாஸ்டல் சமையலுக்குத் திரும்புவதை நினைத்தால் துக்கமாக இருந்தது.

கண்ணாடிப் பெட்டி ஆய்வகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் அதிலும் வைத்துப் பார்த்துத்தான் கட்டுரை எழுதவேண்டும். இதற்கிடையில் ஒரு காயை மட்டும் சரோஜாம்மா தரவே மாட்டேன் என்று வைத்துக்கொண்டுவிட்டார். புது வாழைச்சீப்பு வாங்கிப் போட்டு, தினமும் டிரம்மைத் திறந்து பார்க்கிறாராம். அது சிவக்கவே கூடாதென்று இங்கே நான் சாமி கும்பிடுகிறேன். சிவந்தே தீரவேண்டுமென்று அங்கே அவர் கும்பிடுகிறார், எனக்காக.