பல்புக்குப் பொட்டு வைத்த கதை

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு என் வலது கை ஒரு பிக்கப் வண்டியின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் ஏதோ ஒரு தகரம், நடுவில் என் மணிக்கட்டு. பானட்டைத் திறந்துவைத்து, முன்பக்கத்தில் கன்னத்தை அழுத்தி, வண்டியிடம் ரகசியம் சொல்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“என்ன சார், ஸ்டார்ட் ஆகலையா?”

“ஸ்டார்ட்டெல்லாம் ஆகுதுங்க. கைதான் வரலை.”

ஒரு நிமிஷம் யோசித்தார். “அடடா” என்றார். போய்விட்டார். பாவம், வேறு என்னதான் சொல்வார்?

வண்டி என் மனைவி புவனாவுடையது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் செடி நர்சரி வைத்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செடி ஏற்றிப் போக இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினாள். ஓட்டுவது நான். “எழுதறவருக்குப் பகல்ல என்ன வேலை?” என்று கேட்டு அவள் சாவியை என் கையில் வைத்தாள். இன்றைக்கும் அது என்னிடம்தான்.

புதன்கிழமை முசிறியில் ஒரு கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கு ஒரு செடி கொடுக்க வேண்டும் என்று பெண்ணின் அப்பாவுக்கு ஆசை. நெல்லி, புங்கன், செம்பருத்தி — மொத்தம் நானூறு. புவனாவுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். ஒரு மாதமாக அந்த நானூறையும் வெயிலுக்கு ஒரு இடம், மழைக்கு ஒரு இடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கூட இவ்வளவு கவனிப்பு இல்லை.

செடி தயார். வண்டிதான் பிரச்சினை. அதன் எஃப்.சி. செவ்வாயோடு முடிகிறது. இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ். செவ்வாய் மத்தியானத்துக்குள் வண்டியைக் காட்டி வாங்காவிட்டால், புதன்கிழமை அது வாசலைத் தாண்ட முடியாது. வாடகை வண்டி எடுக்கலாமே என்கிறீர்களா? முகூர்த்த நாளில் திருச்சியில் ஒரு காலி வண்டி தேடிப் பாருங்கள்... பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.

எஃப்.சி.க்கு ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிய வேண்டும். எங்கள் வண்டியில் இடது பக்கம் எரியவே இல்லை. வலது பக்கம், எரிவதாக நாமாக நம்பிக்கொண்டால் எரிந்தது.

பதினைந்து நாளாகவே புவனா சொல்லிக்கொண்டிருந்தாள். “பால்பண்ணைகிட்ட எலக்ட்ரீஷியன் ஒருத்தர் இருக்காருல்ல? அவர்கிட்ட விட்டுட்டு வந்துடுங்களேன்.”

“பல்புதானே? நானே மாத்திடறேன்.”

இந்தத் ‘தானே’ இருக்கிறதே... ஐம்பது வயசு ஆண்கள் இருக்கிற வீடுகளில் நடக்கும் முக்கால்வாசி சேதத்துக்கு இதுதான் காரணம். குழாய்தானே. ஃபேன்தானே. பல்புதானே. குனிந்தால் முதுகு வலிக்கிறது, எழுந்தால் முட்டி வலிக்கிறது, இந்த ஒரு வார்த்தை மட்டும் வலியே இல்லாமல் வாயில் வந்துவிடுகிறது!

திங்கட்கிழமை போய் இரண்டு பல்பு வாங்கினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் டப்பாவை நீட்டும்போதே எச்சரித்தார்.

“பல்போட கண்ணாடியில விரல் படக் கூடாது சார். கீழ இருக்கற தகரத்தை மட்டும் பிடிங்க.”

“பட்டா?”

“கையில எண்ணெய்ப் பசை இருக்கும்ல? எரியறப்ப அந்த இடம் மட்டும் ஓவரா சூடாகி, பல்பு போயிரும்.”

மந்திரோபதேசம் மாதிரி கேட்டுக்கொண்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் நான். அதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் முதலில் சாமி அலமாரிக்குப் போகும். சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் உபயோகம். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, லேப்டாப், புவனாவின் மருந்தடிக்கும் ஸ்பிரேயர் — எல்லாமே பொட்டு வைத்துக்கொண்டவைதான். பொட்டு வைக்கும் இலாகா என்னுடையது. வீட்டில் என்னை நம்பிக் கொடுத்திருக்கிற ஒரே இலாகா.

செவ்வாய் காலை குளித்துவிட்டு, பல்பு இரண்டையும் சாமி முன்னால் தட்டில் வைத்தேன். கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. விரல் படக் கூடாது. சரி, படவில்லை. ஓர் ஊதுபத்திக் குச்சியை எடுத்தேன். அதன் நுனியால் சந்தனத்தைத் தொட்டு, ஒவ்வொரு பல்பின் கண்ணாடியிலும் அழகாக மூன்று பொட்டு. நடுவில் துளி குங்குமம்.

விரல் படவே இல்லை. என்ன ஒரு ஜாக்கிரதை!

அப்புறம்தான் பானட்டைத் திறந்தேன்.

பல்பு மாற்றுவது எப்படி என்று வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒருத்தர் இரண்டே முக்கால் நிமிஷத்தில் மாற்றினார். அதிலும் அரை நிமிஷம் லைக் போடச் சொல்லிக் கேட்பதில் போயிற்று. அவர் வண்டியில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் குடித்தனம் பண்ணலாம், அவ்வளவு இடம். எங்கள் வண்டியில் எறும்பு கூட ஒருக்களித்துத்தான் போக வேண்டும். இதை டிசைன் பண்ணிய புண்ணியவானை ஒரே ஒரு தடவை பார்க்க ஆசை. முதலில் பல்பை நட்டுவைத்துவிட்டு, அப்புறம் அதைச் சுற்றி வண்டியைக் கட்டினாரோ?

அந்தச் சந்தில் கையை விட்டு, பல்பின் முதுகில் இருக்கும் ஒயரைப் பிடுங்க வேண்டும். ரப்பர் மூடியை உரிக்க வேண்டும். ஹேர்பின் மாதிரி ஒரு கம்பி கிளிப் இருக்கும், அதைத் தள்ள வேண்டும். எதையும் கண்ணால் பார்க்க முடியாது. விட்டால் எகிறுகிறது, பிடித்தால் குத்துகிறது... அந்தக் கிளிப்போடு மல்லுக்கட்டும்போதுதான் கை மாட்டிக்கொண்டது.

புவனா வாளியோடு வந்தாள்.

“செடிக்கு அடிக்க வேப்பெண்ணெய் கரைச்சு வெச்ச சோப்புத் தண்ணி இருக்கு. ஊத்தவா?”

“ஊத்து.”

“எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணவா?”

“முதல்ல ஊத்து.”

கை வந்தது. தோல் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது.

ஒரு வழியாக இரண்டு பல்பையும் மாட்டி முடித்தபோது மணி ஒன்பதரை. ஷெட்டுக்குள் நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். வலது பக்கம் நேராகச் சுவரில் அடித்தது. இடது பக்கம் கூரையைப் பார்த்தது.

“இது என்னங்க, கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே போகுமா?” என்றாள் புவனா.

பல்பு சரியாக உட்காரவில்லை. மறுபடியும் கை, மறுபடியும் வேப்பெண்ணெய், மறுபடியும் கிளிப். இந்தத் தடவை வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கி வந்தது. லேசாகச் சந்தன வாசனை வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை படித்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்?

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் நீள வரிசை. வண்டி புவனா பெயரில் என்பதால் அவளும் வந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு மினி லாரி. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. அதன் டிரைவர் ஆரோக்கியசாமி, அரை மணி நேரத்தில் எங்கள் குடும்ப வரலாறு முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் வண்டியைப் பார்த்து முடித்ததும், அதை ஓரமாகப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டேகால்.

பிரேக் இன்ஸ்பெக்டர் நிதானமான மனுஷர். பிரேக் பார்த்தார். ஹார்ன் பார்த்தார். “ஹெட்லைட் போடுங்க... டிம் அடிங்க... ஹை அடிங்க... அப்படியே விடுங்க” என்று சொல்லிவிட்டு, சுற்றி வந்து ஸ்டிக்கரெல்லாம் பார்த்தார். திரும்பி முன்பக்கம் வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

“என்ன சார், கோயிலுக்குள்ள நிக்கற மாதிரி வாசனை வருது?”

பெருமையாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டப்! இடது லைட் அணைந்தது.

இன்ஸ்பெக்டர் லைட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். “ஒரு மணிக்கு நான் எழுந்துருவேன். அதுக்குள்ள ரெண்டும் எரியட்டும், பார்க்கறேன்.”

வண்டியை ஓரம் கட்டினேன். அந்த நேரம் பார்த்துப் புவனாவின் போன் அடித்தது. முசிறியிலிருந்து, பெண்ணின் அப்பா. காலையிலிருந்து இது நாலாவது தடவை.

“வந்துடும்ங்க... வண்டி எஃப்.சி.லதான் நிக்குது... ஆமாங்க, நானூறும் ரெடி... நீங்க கவலைப்படாம மத்த வேலையைப் பாருங்க.”

குரல் நிதானமாக இருந்தது. ஆனால் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. போனை வைத்த பிறகும் சுற்றுவதை நிறுத்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். அந்த விரலைத்தான் பார்க்க முடியவில்லை.

ஆரோக்கியசாமி டீ கிளாஸோடு வந்தார். “என்னா சார், பீஸ் போயிருச்சா? என்கிட்ட ஸ்பேர் இருக்கு, இதே சைஸுதான்.”

“ரெண்டு இருக்குமா?” என்றேன், மெல்ல. இன்னொன்றின் கதியும் எனக்குத் தெரியுமே.

“ஏன் சார்? ஒண்ணுதானே போச்சு?”

“இல்ல... ரெண்டாவதும் போயிரும்.”

ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். இரண்டு நட்டைக் கழற்றினார். பேட்டரியைத் தூக்கி ஓரமாக நகர்த்தினார். அவ்வளவுதான். நான் காலையில் தோலைக் காணிக்கை கொடுத்த சந்து, இப்போது ஒரு ஹால் மாதிரி இருந்தது.

“பேட்டரியை நகர்த்தாமலா சார் கையை விட்டீங்க?”

“வீடியோவில சொல்லலைங்க” என்றேன்.

அவர் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே, கை மட்டும் உள்ளே எதையோ செய்ய, பல்பை வெளியே எடுத்தார். கண்ணாடி ஒரு பக்கம் கொப்புளம் மாதிரி உப்பி, கீறியிருந்தது. அதன் மேல் கருகிய மூன்று வட்டம்.

“என்னா சார் இது?”

“பொட்டு.”

“பல்புக்கா?”

“புதுசு இல்லையா... அதான்.”

“சாமி கும்பிட்டா பம்பருக்கு வைங்க சார், பானட்டுக்கு வைங்க. பல்புக்கா வைப்பாங்க?” வலது பல்பையும் எடுத்துப் பார்த்தார். “இதுக்குமா!”

“ஒண்ணுக்கு வெச்சுட்டு ஒண்ணுக்கு வெக்காம எப்படிங்க விடறது?”

புவனா பல்பை எட்டிப் பார்த்தாள். “கண்ணாடியைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க?”

“தொடலையே. ஊதுபத்திக் குச்சியாலதான் வெச்சேன்.”

ஆரோக்கியசாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மைதானத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அப்புறம், கைக்குட்டையால் புதுப் பல்பின் அடியைப் பிடித்து, அதிலிருக்கும் மூன்று தகரக் காதும் அதனதன் பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்கும்படி உட்காரவைத்து, கிளிப்பை ஒரே விரலால் தட்டினார். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு லைட் போட்டோம். இன்ஸ்பெக்டர் ஹையில் விடச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை வண்டிக்கு முன்னாலேயே நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மூக்கையும் ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டார். வாசனை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

புவனா முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

புதன்கிழமை விடிந்த கையோடு முசிறி. நானூறு செடியும் ஒன்றுகூட வாடாமல் மண்டபத்தில் இறங்கின. பெண்ணின் அப்பா வாழை விவசாயி. செடி வாங்கும்போது மனுஷர் எப்படிப் பார்ப்பார்? இலையைத் திருப்பிப் பார்த்தார், மண்ணை அமுக்கிப் பார்த்தார். “நல்லா வளர்த்திருக்கீங்கம்மா. சின்னவளுக்கு அடுத்த தை மாசம் வெச்சிருக்கோம், அதுக்கும் நீங்கதான்” என்றார். புவனாவின் முகத்தில் அப்போது எரிந்த லைட்டை எந்த இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ணியிருப்பார்.

அவர் பார்வை அப்புறம் என் பக்கம் திரும்பியது. கிரீஸ் போகாத நகம், மணிக்கட்டில் கட்டு, சட்டையில் வேப்பெண்ணெய்க் கறை.

“வழியில எதாச்சும் ஆனா பார்த்துக்கலாம்னு மெக்கானிக்கையும் கூடவே கூட்டிட்டு வந்துட்டீங்களாம்மா?”

“மெக்கானிக்கா? சேச்சே! எங்க வீட்டுக்காரருங்க அவரு.”

அந்தச் ‘சேச்சே’ எனக்காக வந்தது இல்லை — ஊரில் இருக்கிற அத்தனை மெக்கானிக்குகளின் மானத்தையும் காப்பாற்ற வந்தது.