தலாட்டி வருமுன் நான் வீட்டைப் பெருக்கினேன்

என் மகள் ஒன்பது மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கூரை பறந்துபோனது. அந்த மே மாதத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. சபையாருக்கும் இதை வாசிக்கிற எல்லாருக்கும் தாராவி எஸ்தரின் தோத்திரம்.

என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஏழு வருடம் ஆகிறது. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பட்டறைகளுக்குப் பை தைத்துக் கொடுக்கிறேன். ஒரே மகள் ஜெபா. அவளைப் பாண்டுப்பில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். பம்பாய்க்கு வந்து எத்தனை வருடம் ஆனாலும் அது மாறவில்லை. ஏழாம் மாதம் ஊரைக் கூட்டி, வளையல் அடுக்கி, பெருமையாக அழைத்து வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் புயல் வந்தது. கடலோரத்துக்குத்தான் ஆபத்து, தாராவிக்கு ஒன்றும் வராது என்று நானும் நாலு பேரிடம் பேசியவள்தான். அரை மணி நேரத்தில் சிமெண்ட் ஷீட் கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஜெபாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு முனிசிபல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இரண்டு நாள் அங்கேதான் இருந்தோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. நான் அழுதுகொண்டே இருந்தேன்.

புதன்கிழமை காலை சந்துக்குத் திரும்பினோம். கூரை இல்லை. சாக்கடைப் பக்கத்துப் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. துணிமணி எல்லாம் சேற்றில் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். இதைச் சம்பந்திக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மைமூன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலப்பாளையத்துக்காரி. பன்னிரண்டு வருடமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம். சந்து கிடக்கிற கோலத்தை ஊரில் உள்ள அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டே என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"எங்க மானத்தையா படம் பிடிக்க? அழிளா அதை!" என்று சந்தே கேட்கும்படி கத்தினேன்.

"அழிச்சிட்டேன்க்கா, அழிச்சிட்டேன்" என்று அவள் போய்விட்டாள். பிறகு நான் அவளோடு பேசவில்லை.

அன்றைக்கே சம்பந்தியம்மா போன் செய்தார்கள். "மயினி, வீட்டுக்கு ஒண்ணும் சேதமில்லியே?" என்று கேட்டார்கள். "ஒரு குறையும் இல்ல மயினி" என்று சொன்னேன். சேற்றில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன்.

சேதத்தைப் பார்த்துப் பஞ்சநாமா எழுத மறுநாள் தலாட்டி, அதாவது வருவாய்த் துறை அதிகாரி, வருகிறார் என்று சொன்னார்கள். அவர் எழுதுகிற அறிக்கையை வைத்துத்தான் அரசாங்கம் உதவி செய்யும். வீடு இருக்க லாயக்கில்லை என்று எழுதினால் தேவ்நாரில் ஒரு கட்டடத்தில் தற்காலிகமாக ரூம் கொடுப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? விருந்தாளி வருகிறார் என்றதும் நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். விடியற்காலையிலேயே எழுந்து பெருக்கினேன், கழுவினேன். சபைத் தம்பிமார் கொடுத்த நீலத் தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டியாகிவிட்டது. பிளந்த சுவருக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்தேன். அது மறைக்காத இடத்துக்குக் கிறிஸ்துமஸுக்கு எடுத்த பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டேன். தலாட்டிக்கு நல்ல கப்பில் டீ கொடுத்தேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். "மாவ்ஷி, கர் தோ டீக் ஹை" என்றார். வீடு நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். கூரைக்கு மட்டும் சேதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் முகம் சுளிக்காமல் டீ குடித்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது!

அடுத்த வாரம் ரூம் கிடைத்தவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் சந்திலேயே ஆறு வீட்டுக்குக் கிடைத்திருந்தது. என் பெயர் இல்லை. மழைக்காலம் வாசலில் நிற்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே அந்தச் சுவரை ஒட்டித்தான் ஜெபாவின் கட்டில். வேறு இடமில்லை. பாண்டுப்பில் சம்பந்தி வீட்டில் ஒரே அறையில் மூன்று மகன்களும் இரண்டு மருமகள்களும் இருக்கிறார்கள். அப்படியே இடமிருந்தாலும், ஊரைக் கூட்டி அழைத்து வந்த பிள்ளையை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவேன்? தலாட்டியைத் திட்டினேன். அரசாங்கத்தைத் திட்டினேன். கடைசியில் ஆண்டவரையும் விட்டுவைக்கவில்லை. "விதவையின் வீடு மட்டும் உமக்குத் தெரியலியா?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று, "அந்த ஆளின் கண்ணைத் திறவும் ஆண்டவரே" என்று ஜெபித்தேன். பலமாகத்தான் ஜெபித்தேன். இரண்டாம் தடவை சொல்லும்போது அந்தப் பூப்போட்ட திரைதான் என் கண் முன்னால் வந்தது. தலாட்டியின் கண் திறந்துதானே இருந்தது? திரை போட்டது யார்? தலாட்டியிடம் மறைத்தேன், சம்பந்தியிடம் மறைத்தேன், இந்தச் சபையிலும் இரண்டு வாரமாக "கூரைதான் போச்சு, கர்த்தர் கிருபையால் நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். காயத்துக்கு மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு வைத்தியரைக் குறை சொன்னால் எப்படி?

எழுந்து நின்றேன். "என் வீடு இடிஞ்சி கெடக்கு. நான் எல்லாருட்டயும் பொய் சொல்லிட்டேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொன்னேன். எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு ஜெபித்தார்கள். ஆமென் சொல்லும்போதே நான் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் பிடிக்காத இடம்தான்.

நேராக மைமூன் வீட்டுக்குப் போனேன். "நான் கத்துனது தப்புதான். நீ எடுத்த வீடியோவும் போச்சு. நான் கழுவி மூடுனதுக்கு முன்னால வீடு எப்படி இருந்துச்சுன்னு காட்ட இப்போ ஒரு சாட்சியும் இல்ல" என்று அழுதேன்.

அவள் போனைத் தேடி எடுத்தாள். "அழிக்கலக்கா. நீங்க கத்துன கத்துல சும்மா சொல்லி வச்சேன்" என்றாள்.

பாருங்கள் என் ஆண்டவரை! நான் அழிக்கச் சொன்னதையே எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார். அதுவும் நான் பேசாமல் இருந்தவளின் கையில்.

இரண்டு பேருமாகத் தலாட்டி ஆபீசுக்குப் போனோம். அவர் வீடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஏன் மறைத்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், "ஷரம் ஆயீ, சாஹேப்" என்றேன். வெட்கமாக இருந்தது ஐயா என்ற அந்த ஒரு பதில்தான் என்னிடம் இருந்தது. அவர் கோபப்படவில்லை. "எங்க அம்மாவும் இப்படித்தான்" என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். மறுநாளே வந்தார். இந்தத் தடவை நான் பெருக்கவில்லை. திரையைக் கழற்றினேன். நானும் மைமூனும் பீரோவைத் தள்ளினோம். அவர் சுவரில் கையை வைத்தார். சுவர் அசைந்தது. சட்டென்று பின்னால் நகர்ந்து, "இங்கே யாரும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே புதிதாகப் பஞ்சநாமா எழுதினார்.

செவ்வாய்க்கிழமை ரூம் கடிதம் வந்தது. புதன்கிழமை தேவ்நாருக்குப் போய்விட்டோம். சனிக்கிழமை மத்தியானம் பெருமழை. மைமூன் போன் செய்தாள். "எக்கா, ஒங்க பின்சுவரு உள்பக்கமா விழுந்துட்டு. ஜெபா கட்டில் கெடந்த எடத்துலதான்" என்றாள். ஜெபா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுவர் விழுந்த ஐந்தாம் நாள் ஜெபாவுக்குச் சுகப்பிரசவம். பெண் பிள்ளை. கிரேஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ரூமுக்குப் போன அன்றே சம்பந்தியம்மாவுக்கும் போன் செய்து எல்லா உண்மையையும் சொல்லியிருந்தேன். பிள்ளையைப் பார்க்க அவர்கள் வந்தார்கள். நாற்காலிகூட இல்லாத அறை. பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "எங்க அடுப்படி ரெண்டு வருஷமா ஒழுகுது மயினி. நீங்க வரும்போதெல்லாம் வாளியை ஒளிச்சி வச்சேன்" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

அன்பானவர்களே, இதுவும் தற்காலிக வீடுதான். எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ தெரியாது. ஆனால் எனக்கு இப்போது பயமில்லை. என் வீடு இடிந்ததை என்னைவிட முன்னால் பார்த்தவர் அடுத்த வீட்டையும் பார்த்து வைத்திருப்பார். நீங்களும் உங்கள் வீட்டில் சாய்ந்து நிற்கிற சுவரை அவருக்கு முன்னால் மறைக்காதீர்கள். அலங்கரித்த ஜெபம் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள். உதவி எந்த வாசல் வழியாக வரும் என்று மட்டும் நீங்கள் தீர்மானித்துவிடாதீர்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை ஜெபம் எங்கள் ரூமில்தான். நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யாது. மெதுவாக ஏறி வாருங்கள். பிள்ளை தூங்கினால் கொஞ்சம் சத்தம் குறைத்துப் பாடுவோம்.