சனிக்கிழமைக் கூட்டத்தில் சொன்ன பொய்

பள்ளிப் படிப்போடு நின்றுபோனவள் நான். ஊருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் எதிரில் பேசவே நா எழாதவள் இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில், பெஹாலா பகுதியில் குடியிருந்தோம். என் கணவர் கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா. ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குழறலோடு திரும்பி வந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். வேறு யார் தொட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தண்ணீர்கூட வேறு கையால் குடிக்கமாட்டார்.

மூன்று வருடம் இப்படிப் போனது. ஒருநாள் குளியலறையில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தபோது எனக்கே கண் இருட்டியது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். நான் விழுந்தால் இவர் கதி என்ன என்ற பயம் அன்றுதான் பிடித்தது.

வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்கு எதிர்வீட்டு பௌதிதான் என்னை இழுத்துப்போனாள். பௌதி என்றால் அண்ணி. அங்கே கல்யாணமான பெண்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு, தெருமுனைச் சங்கத்தின் கேரம் அறையில் கூட்டம். என் கணவர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கும் நேரம் அது. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுவேன்.

அந்த அறையை இப்போது நினைத்தாலும் மண் குவளைத் தேநீரின் வாசனை வருகிறது. ஏழெட்டுப் பெண்கள், மனைவியைக் கவனித்துக்கொள்ளும் ஓர் ஆண். கரண்ட் போனால் முந்தானையால் ஒருவருக்கொருவர் விசிறிக்கொள்வோம். கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லாருக்கும் அவர் திதி, அதாவது அக்கா. இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் ஆளைத் தூக்குவது எப்படி என்று எங்களில் ஒருவரைப் பெஞ்சில் படுக்கவைத்தே காட்டுவார். ஆனால் அதற்கு முன் ஒரு கட்டளை உண்டு. அந்த வாரம் தனக்காகச் செய்துகொண்ட ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது.

இரண்டு வாரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் வெட்கம் தாங்காமல், தெரிந்த வங்காளத்தில் சொல்லிவிட்டேன்: “டிராம் டெப்போ முனையில புச்கா சாப்பிட்டேன்.” புளித்தண்ணீர் நிரப்பிய சின்னப் பூரி அது. தெருவில் நின்றபடிதான் சாப்பிட வேண்டும். கல்கத்தாவுக்கு வந்து பதினைந்து வருடத்தில் நான் வாயில் வைத்ததில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். அந்த ஆண் மட்டும் சிரிக்கத் தொடங்கினார்.

“அந்த புச்காக்காரன் ஊருக்குப் போய் ஒரு மாசமாச்சே பௌதி! உங்களுக்கு யாரு குடுத்தா, அவனோட தள்ளுவண்டியா?”

எனக்கு உடம்பு கூசிப்போனது. திதி சிரிக்கவில்லை.

“பொய் சொன்னதுக்குத் தண்டனை உண்டு. அடுத்த சனிக்கிழமை சாயந்திரம், புச்கா வண்டி வர்ற நேரத்துல, நிஜமா போய்ச் சாப்பிடு.”

“சாயந்திரம் அவர் முழிச்சிருப்பார் திதி. விடமாட்டார்.”

“கேட்டுப் பார்த்தியா?”

மூன்று வருடத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

வாயைத் திறக்க வியாழக்கிழமை ஆயிற்று.

“சனிக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வரேங்க.”

“எங்க?”

“புச்கா சாப்பிட.”

“தெருவுல நின்னுக்கிட்டா? நீயா?” என்று கண்ணை விரித்தார். “என்கூட யாரு இருப்பா?”

“பௌதி வீட்டு தாதா.” பௌதியின் கணவரைத்தான் சொன்னேன். தாதா என்றால் அங்கே அண்ணன்.

“அந்த வாயாடியா! அவன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன்.” சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வழக்கமாக அதோடு நான் அடங்கிவிடுவேன். அன்று எப்படியோ வந்துவிட்டது: “அன்னிக்குக் குளிக்கிற ரூம்ல எனக்குக் கண்ணு இருட்டிச்சு. உங்களுக்கும் தெரியும். நானும் விழுந்துட்டா அந்த வாயாடிகூட வரமாட்டாருங்க.”

அதற்குமேல் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு தாதா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பௌதியும் நானும் சந்தை முனையில் இருந்த வேறொரு புச்காக்காரனிடம் போனோம். “இவளுக்குக் காரம் தூக்கலா போடுப்பா, மதராஸ்காரி!” என்றாள் பௌதி. இலைத் தொன்னையை ஏந்திக்கொண்டு, தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முதல் மூன்றில் ருசியே தெரியவில்லை. அவர் தாகத்தோடு கிடக்கிறாரோ என்றே மனம் அடித்துக்கொண்டது. நாலாவதில் அவரை மறந்திருந்தேன். மறந்தது உறைத்ததும் தொன்னையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மாடிப்படியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே தாதா ஏதோ பழைய பந்தாட்டத்தைக் காலால் உதைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். என் கணவரின் இடது கையில் தண்ணீர் டம்ளர். பாதித் தண்ணீர் சட்டையில். கன்னத்தில் மூன்று நாள் தாடி காணாமல் போயிருந்தது.

“அதுக்குள்ள ஏன் வந்த?” என்றார். “ஆட்டம் பாதியில நிக்குது.”

கும்பிட்ட தெய்வத்துக்கெல்லாம் நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது என்னவோ கோபம்தான். நான் இல்லாமல் இவரால் சிரிக்க முடிகிறதே என்ற கோபம். சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன். அவரைவிட நான்தான் அவரை வேறு கையில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேனோ என்று அங்கே நின்றபோது தோன்றியது. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அரிசி களைந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாதா பதினொரு மணிக்கு வந்தார். நான் பக்கத்து அறையில் ஒரு மணி வரை தூங்கினேன்.