பேத்தியின் அணியைக் கவனித்த விதம்

இன்று பூதலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், செல்போனில் பேத்தியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். என் மகன் குடும்பம் பின்லாந்தில் இருக்கிறது. அந்த நாட்டு அணிக்காகத்தான் அவள் பாக்ஸ் லக்ராஸ் ஆடுகிறாள். வலை கட்டிய கம்பில் பந்தை ஏந்தி ஓட வேண்டும். எதிரணி இடித்துத் தடுக்கும்.

ஒருத்தி ஓடி வந்து இவளைப் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு மோதித் தள்ளினாள். ஹெல்மெட்டின் முகக்கம்பிக்குள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, ரவுடிச் சண்டையா?"

"என் பேத்தி ஆடுறா. உலகப் போட்டி. யாருக்கும் அவ்வளவா தெரியாத டீம்கள்ல, கவனிக்க வேண்டிய டீம் இதுன்னு பேப்பர்ல எழுதியிருக்காங்க."

"அதான் இப்படிப் போட்டு கவனிக்கிறாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இன்னும் தரையில் கிடந்தாள்.

பிறகு எழுந்தாள். ரத்தத்தைத் துடைத்துவிட்டு வந்தவள், இடித்தவளையே தோளால் தள்ளிச் சாய்த்துவிட்டு, பந்தை கோல் வலைக்குள் அறைந்தாள்.

பக்கத்து சீட்டுப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு போடச் சொல்லுங்கம்மா."

கோலைச் சொன்னாளா, அடியைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் எதைப் போடச் சொல்வீர்கள்?